இடம் போதாது

தை அமாவாசைக்கு ராமேசுவரம் போய்வர வேண்டும் என்று முதலில் சொன்னது அத்தைதான். என் தகப்பனார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. தம்பிக்குக் கடற்கரையில் செய்யவேண்டியது பாக்கியிருக்கிறதே என்ற குறை, அவருடைய தமக்கையான அத்தைக்கு ஆறவே இல்லை. எனக்கு இந்தக் காரியங்களில் அவ்வளவு பிடிப்புக் கிடையாது. ஆனால் எழுபத்தாறு வயதுக் கிழவி, நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் இருந்துகொண்டு தனக்கென்று ஒன்றும் கேட்டறியாதவள், ஒரு தடவை வாய் திறந்து கேட்டுவிட்டாள். போவதென்று தீர்மானமாயிற்று.

தீர்மானமான மறுநாளே பிரயாணம் வளரத் தொடங்கியது. அம்மா வராமல் முடியுமா? பிள்ளைகள் இரண்டு பேருக்கும் விடுமுறை. மனைவியும் வருகிறாள் என்றதும், திண்டுக்கல்லிலிருந்து வந்து தங்கியிருந்த மாமியாரைத் தனியே விட்டுவிட்டுப் போவது மரியாதையாகப் படவில்லை. கூட்டிப் பார்த்தால் ஏழு பேர். எங்கள் வண்டியும் ஏழு பேர் உட்காரும் வண்டிதான். கணக்குச் சரியாக இருக்கிறதென்று நினைத்தேன்.

அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது முன்னமே தெரிந்திருக்கும். அதில் ஏழு பேர் உட்காரலாம். அல்லது சாமான் வைக்கலாம். பின்வரிசை இருக்கைகள் நிமிர்ந்து நின்றால், அவற்றுக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவில் இரண்டு பள்ளிக்கூடப் பைகள் நுழையும். மூன்றாவது பையை முழங்காலால் அழுத்தித்தான் நுழைக்கவேண்டும். ஆறே பேர் என்றால் பின்வரிசையில் பாதியை மடக்கிவிட்டு அந்த இடத்தில் எல்லாவற்றையும் அடுக்கிவிடலாம். ஏழாவது ஆள் ஏறினால் அந்த வழி அடைபட்டுப் போகிறது.

ஏழாவது ஆள் யார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அத்தைக்கும் தெரிந்திருந்தது.

"நான் பஸ்ஸிலே வந்துடுறேன் தம்பி" என்றாள். "மாட்டுத்தாவணியிலே ஏறினா நேரா ராமேசுவரம்தானே? நீங்க சாமானோட பதனமா வாங்க."

குரலில் மனத்தாங்கல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சமாதானம் சொல்லிச் சரிக்கட்டியிருப்பேன். அவளோ கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே, கடைக்குப் போகிறவள் சொல்வதுபோலச் சொன்னாள். யாருக்காக, யாருடைய ஆசையால் கிளம்புகிறோமோ அவளே இடம் போதவில்லை என்று இறங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அன்று இரவு கூடத்தில் குவிந்திருந்த சாமான்களைச் சுற்றி வந்தேன். ராமேசுவரம் கோவிலில் 22 தீர்த்தங்கள். ஒவ்வொன்றிலும் வாளியால் மொண்டு தலையில் கொட்டுவார்கள். ஈரத்தோடு சந்நிதிக்குப் போகக்கூடாது; ஆகவே ஆளுக்கு இரண்டு மாற்று உடை. அம்மாவுக்குப் போர்வை. மாமியாரின் முதுகுக்கென்று தனியாக ஒரு தலையணை. மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, புத்தகங்கள் ஒரு கட்டு. மகனுக்குக் கடற்கரை என்றால் கிரிக்கெட் மட்டை. 20 லிட்டர் தண்ணீர்க் கேன், கட்டுச்சோற்றுக்குப் பெரிய தூக்குச்சட்டி, பாய், ஜமக்காளம். இத்தனை பட்டுப்புடவை எதற்கு என்று மனைவியைக் கேட்டேன். "அழகரே பெட்டி நிறையப் பட்டு எடுத்துக்கிட்டுத்தானே மதுரைக்கு வர்றாரு?" என்றாள். வாஸ்தவம்தான். பல நிறத்துப் பட்டு இருக்கும் பெட்டியில் அர்ச்சகர் பார்க்காமல் கையை விட்டு எடுக்கும் ஒன்றைத்தான் கள்ளழகர் உடுத்திக்கொண்டு வைகையில் இறங்குகிறார். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்று ஊரே காத்திருக்கும். மற்றப் பட்டெல்லாம் 'இருக்கட்டும்' என்று கூட வந்தவை. மதுரைக்காரனிடம் இதற்கு மேல் என்ன வாதம் செய்வது?

இப்படி அந்தக் குவியலில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வக்கீல் இருந்தார். ஓரத்தில் ஒரு மஞ்சள் பை சாய்ந்திருந்தது. ஒரு சீலை, ஒரு துண்டு, ஒரு பித்தளைச் செம்பு. அது அத்தையுடையது. அதற்கு மட்டும் யாரும் ஆஜராகவில்லை.

சாமானைக் குறையுங்கள் என்று நான் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். குடும்பத் தலைவன் என்று ரேஷன் கார்டில் எழுதி வைத்திருக்கிறவனுக்கு அவ்வளவு அதிகாரம் உண்டு. ஆனால் அத்தைக்கு இடம் வேண்டும் என்று சொல்லிக் குறைக்கச் சொன்னால், திரும்ப அலமாரிக்குப் போகும் ஒவ்வொரு தலையணையும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே போகும். வழியெல்லாம் மாமியாரின் முதுகு வலிக்கும்போது அவள்தான் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். இதை யோசித்துவிட்டு, மறுநாள் காலையில் ஒருவரிடமும் சொல்லாமல் வண்டிக்கு மேலே கேரியர் வாங்கப் புறப்பட்டேன்.

தெற்கு வெளி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறை. அம்பாஸடர் காலத்தில் இதெல்லாம் ஒரு பிரச்னையாகவே இருந்ததில்லை. அந்தக் காரின் கூரையோரம் மழைத்தண்ணீர் வழிய ஒரு விளிம்பு ஓடும். அதைக் கவ்விக்கொண்டு நிற்கும் இரும்புக் கேரியரில் பெட்டி படுக்கை ஏறும். கட்டில்கூட ஏறிப் பார்த்திருக்கிறேன். 2014-இல் உத்தர்பாராவில் அம்பாஸடர் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போதைய கார்களில் அந்த விளிம்பு கிடையாது. சிலவற்றின் கூரையில் நீளவாக்கில் இரண்டு கம்பிகள் இருக்கின்றன. அவற்றிலும் பல, அழகுக்கு ஒட்டியவை. சுமை தாங்காது.

பட்டறைக்காரர் மூன்று தினுசு காட்டினார். இரும்புக் குழாயில் பற்றவைத்த திறந்த கூடை ஒன்று. மூடியும் பூட்டும் போட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. விலை கூடையைப்போலப் பல மடங்கு. மூன்றாவது, வாரால் இழுத்துக் கட்டும் துணிப்பை. பையை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி எனக்குப் பிடித்திருந்தது. காற்றை வெட்டிக்கொண்டு போகிற உருவம், மழைக்கும் தூசிக்கும் பயமில்லை என்பதெல்லாம் இருக்கட்டும். மூடி என்று ஒன்று இருக்கிறதே, அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியும். மூடி விழவில்லை என்றால் எதையாவது எடுத்துத்தான் ஆகவேண்டும். திறந்த கூடைக்கு அந்த வார்த்தை தெரியாது. கயிறு இருக்கிற மட்டும் ஏற்றிக்கொண்டே போகலாம். இவ்வளவும் யோசித்துவிட்டுத் திறந்த கூடையையே வாங்கினேன். காரணம் விலைதான்.

கூரையில் துளை போட்டு முடுக்கிவிட்டால் அசையாது என்றான் பட்டறைப் பையன். பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது, கழற்றி மாட்டும் கவ்விகளே போதும் என்றேன். சட்டத்தைச் சொன்னேனே தவிர, மழையில் ஒழுகுமே என்ற பயம்தான் எனக்கு.

"கேரியர் தாங்கும் சார்" என்றார் பெரியவர். "உங்க வண்டிக் கூரை எவ்வளவு தாங்கும்னு புஸ்தகத்திலே பாருங்க."

வண்டியோடு கொடுத்த புத்தகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பிரித்தேன். 50 கிலோ என்று போட்டிருந்தது. பல கார்களுக்கு இது 50-லிருந்து 75 கிலோவுக்குள் இருக்கும் என்றார். அதிலும் கேரியரின் எடை சேர்த்தி. எங்கள் கூடை மட்டும் 18 கிலோ. ஆக, சாமானுக்கு மிச்சம் 32. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு பேர் ஏறி நின்றாலும் நெளியாத கூரை ஆயிற்றே! நிற்கிற வண்டிக்கும் ஓடுகிற வண்டிக்கும் அதுதான் வித்தியாசம் என்று அவர் விளக்கினார். உயரத்தில் ஏறிய சுமை வளைவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். பிரேக் போட்டால் முன்னால் தள்ளும். காற்று அதைப் பிடித்து இழுக்கும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. டிக்கியில் சாதுவாகக் கிடக்கும் தலையணை மாடிக்குப் போனவுடன் குறும்பு செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

கயிறும் தார்ப்பாயும் வாங்கும்போது, "முடிச்சை நல்லாப் பாத்துக்குங்க. அவிழ்ந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். பின்னாலே டூ வீலர்லே வர்றானே, அவனுக்குத்தான்" என்றார். அதை நானே பார்த்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன், விரகனூர்ப் பக்கம் சுற்றுச்சாலையில் எனக்கு முன்னால் போன வேனின் தலையிலிருந்து ஒரு மெத்தை பறந்து விழுந்தது. பின்னால் சைக்கிளுக்குச் சற்று மேலான ஒரு மொபெட்டில் வந்தவர் தடுமாறிச் சரிந்தார். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அந்த மெத்தையைச் சுருட்டி, தேடிக்கொண்டு வருவார்கள் என்று ஒரு புளியமரத்தடியில் சாய்த்து வைத்தார். வேனில் போனவர்கள் நிற்கவில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைக்கு மேலே கட்டியது கண்ணுக்குத் தெரிவதில்லை. வீடு போய் இறக்கும்போதுதான் குறைகிறதென்று தெரிந்திருக்கும். தங்கள் மெத்தை யார்மேல் விழுந்தது என்பது அப்போதும் தெரிந்திருக்காது.

கேரியரோடு திரும்பும் வழியில் ஒரு நண்பரைப் பார்த்தேன். கல்லூரியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்கள் வீட்டில் இடம் போதவில்லை, மனசில். அதற்குக் காரின்மேல் இரும்பு வைத்திருக்கிறீர்கள்" என்றார். அதோடு விடவில்லை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, இதே மதுரையில், மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தி சட்டையையும் தொப்பியையும் துறந்து முழத்துண்டுக்கு மாறினார் என்று நினைவூட்டினார். அந்த வீதி வழியாகத் தினம் போய்வருகிற நான் கேரியர் வாங்குவது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

அவர் சொன்னது என்னைக் குத்தாமல் இல்லை. மனத்தால் தீர்க்கவேண்டியதைப் பணத்தால் தீர்த்துக்கொள்வது நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தாரின் வழக்கமாகிவிட்டது. அண்ணன் தம்பிக்கு ஒத்துவரவில்லை என்றால் நடுவில் சுவர் வைக்கிறோம். பிள்ளைகள் ஒரு பேனாவுக்குச் சண்டை போட்டால் இன்னொரு பேனா வாங்குகிறோம். சண்டை தீர்கிறது, நியாயம் எது என்ற கேள்வி தீர்வதில்லை, கேட்கப்படாமலே போகிறது. வசதி இல்லாத வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

ஆனாலும் நண்பரோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மதுரையில் காந்தி விட்டது தம்முடைய சட்டையை. அதை ஓர் இரவில் விட முடிந்தது. அதே காந்தி 1901-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும்போது, அன்பளிப்பாக வந்த நகைகளைத் திருப்பிக் கொடுக்க நினைத்தார். கஸ்தூரிபாய்க்கென்று வந்த தங்க மாலையும் அவற்றில் இருந்தது. அந்த அம்மாள் அழுததையும் எதிர்த்து வாதாடியதையும் அவரே சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தன் மூட்டையைக் குறைப்பது துறவு. அடுத்தவர் மூட்டையைக் குறைப்பதற்கு என்ன பெயர் வைப்பது? மாமியாரின் தலையணையை நான் துறப்பதில் எனக்கென்ன நஷ்டம்?

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி கவ்விகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"இது எனக்காகவா தம்பி வாங்கினே?"

"இல்லே அத்தை. ரொம்ப நாளா வாங்கணும்னு இருந்ததுதான்."

"எவ்வளவு?"

பாதி விலை சொன்னேன். அவள் அதையும் நம்பவில்லை, முன்னதையும் நம்பவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னையத் தூக்கி வைக்க இவ்வளவு பெரிய கூடையா?" என்று சிரித்தாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் என் கையில் இருந்த ஸ்பானர் நின்றுவிட்டது. நான் செய்ததில் எங்கோ ஒரு கோணல் இருக்கிறதென்று பட்டறையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது, அந்தச் சிரிப்பில் பிடிபட்டுவிட்டது. அவளையும் சாமானையும் ஒரே பட்டியலில் எழுதிக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். கூட்டல் அவளுக்குச் சாதகமாக முடிந்தது என்பது வேறு விஷயம். கேன் 20, புத்தகம் 9, அத்தை ஒன்று. என் அம்மாவை நான் அந்தப் பட்டியலில் எழுதவில்லை. என்னை எழுதவே இல்லை.

அத்தை தன் வண்டிப் பிரயாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிறு வயதில் சோழவந்தானிலிருந்து சித்திரைத் திருவிழாவுக்கு மாடு கட்டி வருவார்களாம். கூண்டு வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து உட்காருவது. அந்த வைக்கோல்தான் மாட்டுக்கும் தீனி. வரும்போது மெத்தை மாதிரி இருக்கும். நாலு நாள் கழித்துத் திரும்பும்போது மாடு தின்றது போகப் பலகை குத்தும். "யாருக்கு இடம்னு அப்ப யாரும் கேட்டதில்லே. ஏறுறவங்க ஏறிக்குவாங்க, மத்தவங்க கூடவே நடப்பாங்க" என்றாள்.

பழைய காலத்தைப் பற்றி இப்படி யாராவது சொன்னால் எனக்கு உடனே உருகிவிடத் தோன்றும். எழுதுகிறவர்களுக்கு அது ஒரு வியாதி. அன்று எப்படியோ ஜாக்கிரதையாக இருந்து, "நடந்தவங்க யாரு அத்தை?" என்று கேட்டேன்.

"மருமகளுங்கதான். வேற யாரு?" என்றாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் மகள் எடை பார்க்கும் கருவியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். மேலே ஏற்றவேண்டியவை என்று ஒதுக்கியதை நிறுத்துப் பார்த்தால் 61 கிலோ. இருப்பதோ 32. எந்தக் கேள்வியைத் தவிர்க்கப் பணம் கொடுத்தேனோ அந்தக் கேள்வி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரி வந்தது. மட்டையா புத்தகமா, கேனா ஜமக்காளமா என்றுதான் வழக்கு. ஆட்களுக்கெல்லாம் கீழே இடம் முடிவாகிவிட்டது. தராசில் அத்தை இல்லை. வாதம் ஒரு மணி நேரம் நடந்தது. வழியில் தண்ணீர் வாங்கிக்கொள்வதென்று கேன் தோற்றது. மட்டை தோற்றது. பட்டு இரண்டு தோற்றன. மாமியார் தாமாகவே எழுந்து, "அந்தத் தலையாணியை எடுத்துடுங்க மாப்பிள்ளை, துண்டைச் சுருட்டி வச்சுக்கிறேன்" என்றார். முன்தினம் நான் அதிகாரம் செய்து கேட்டிருந்தால் அது வந்திருக்குமா? யார் பெயரையும் சொல்லிக்கொள்ளாமல் அது தானாகவே அலமாரிக்குப் போயிற்று. நண்பர் இதைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். இரும்புக்குக் கொடுத்த பணத்தில் நான் இதைத்தான் வாங்கினேன் என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்வியை ஒழிக்க முடியவில்லை. அதிலிருந்து ஓர் ஆளை வெளியே எடுக்க முடிந்தது. அவளை ஏழாவது என்று முதலில் எண்ணிய எண்ணம் இருக்கிறதே, அதைக் கேரியர் ஒன்றும் செய்துவிடவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.

விடியுமுன் புறப்பட்டோம். பின்வரிசையில் பிள்ளைகள், நடுவில் இரண்டு சம்பந்திகளுக்கும் இடையில் அத்தை, மடியில் மஞ்சள் பை. பையை மேலே போட அவள் சம்மதிக்கவில்லை. பரமக்குடி வரை நாற்கரச் சாலை, பிறகு ஒடுங்குகிறது. மானாமதுரையில் ஒரு தடவை, ராமநாதபுரத்தில் ஒரு தடவை இறங்கிக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். மண்டபத்தில் மறுபடியும். பாம்பனில் காற்று விளையாட்டல்ல. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் பக்கத்தில் பளபளவென்று நிற்கிறது. நாங்கள் போனது 1988-இல் திறந்த சாலைப் பாலம். ஏறியதும் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது; வண்டியைப் பக்கவாட்டில் யாரோ தோளால் இடிப்பது போல இருந்தது. வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டேன். எனக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளில் புருஷனும் பெண்சாதியும், நடுவில் ஒரு குழந்தையும். பாலம் முடியும் வரை கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது ஒரு விஷயம் தெரிந்தது. போகும்போது 32 கிலோவாக இருந்தது வரும்போது அப்படியே இருக்காது. ஏழு பேருடைய ஈரத்துணி என்ன கனம் கனக்கிறது! அத்தையும் அம்மாவும் சத்திரத்து வாசலில் நின்று ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். அப்படியும் பாதியைக் காலடியில்தான் போட்டுக்கொண்டு வந்தோம். அத்தை ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்து, பரமக்குடி வரை தூங்கினாள்.

கேரியரைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டிருக்கிறேன். பெட்ரோல் வீணாகக் கூடாது, காற்றில் ஊளையிடவும் கூடாது. மாசி வெயில் வந்ததும் அத்தை அதன்மேல் பழைய வேட்டியை விரித்து வடகம் ஊற்றிவிட்டாள். தரையிலிருந்து உயரமாக இருப்பதால் கீழேயும் காற்றுப் போகிறதாம், சீக்கிரம் காய்கிறதாம். பங்குனியில் பழனிக்குப் போகலாமா என்று மகன் கேட்டான். மோர்மிளகாய் ஒரு ஈடு பாக்கி இருக்கிறது, அது காயட்டும் என்கிறாள் அத்தை.